ஓடு என்றார் மாப்பிள்ளை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மூத்த மருமகளின் தகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். தங்கள் மூத்த மகனும் நலம், வலது பக்கம் நீங்கலாக.

விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள், அவருக்கு நெஞ்சில் போட்ட தையலே இன்னும் ஆறியிருக்காது என்று என் வீட்டம்மாள் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்குத் தெரிந்த பக்குவம் இவ்வளவுதான். ஆயுசு முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிட்டே சம்பளம் வாங்கியவன் நான். எரிந்த கடை, இடிந்த கிடங்கு, வெள்ளத்தில் ஊறிய பட்டறை என்று பார்த்துப் பார்த்து, நிற்கிற கட்டடத்தைப் பார்த்தாலே இது எந்தப் பக்கம் விழும் என்றுதான் புத்தி போகும். எங்கள் அறிக்கையில் சேதம் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், அதுதான் விதி. ஆகவே மன்னிக்கவும், உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும். அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் கையடித்துச் சொல்கிறார்.

போன் செய்யாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். செய்தேன். எங்கள் வீட்டு எண்கள் அத்தனையையும் தங்கள் கைபேசியில் தங்கள் இளைய மகன் தடுத்து வைத்திருப்பது தங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, எப்போது கூப்பிட்டாலும் ஒரு பெண்மணி பதிவு செய்த குரலில், மிகுந்த மரியாதையோடு, தொடர்புகொள்ள இயலாது என்கிறாள். ஒரு தடவை மனசு கேட்காமல் அவளிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் மகளோ உங்கள் வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தங்கள் நெஞ்சை நினைத்து ஒரு பாதி. சின்னவரை நினைத்து மறு பாதி. “சண்டை போட்டவரு சண்டை தீர்ந்து வரட்டும்ப்பா. பாவம் பார்த்து வர வேணாம்” என்றாள். சத்தியத்தை மீறித்தான் ஆஸ்பத்திரி கேன்டீன் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேசை ஆடுகிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததைச் சொல்ல ஆதியிலிருந்துதான் வர வேண்டும். ஆதி தங்கள் வீட்டுப் பின்னறைதான். கட்டட வரைபட ஆபீஸ் ஒன்றில் மாப்பிள்ளை வேலைக்கு இருந்தாரே, அங்கே வீடு வரைகிற மென்பொருளை ஒரு கம்பெனியிடம் வருஷ வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாடகை ஏறிக்கொண்டே போய், ஒரு வருஷம் முதலாளியால் கட்ட முடியவில்லை. மறுநாள் காலையில் ஆபீசில் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. அவர்களே வரைந்த வீடுகள், அவர்களே போட்ட கோடுகள், அவர்கள் கணினியிலேயே இருக்கின்றன, ஆனால் பார்க்க முடியாது. பெற்ற பிள்ளையைப் பார்க்க அடுத்தவனிடம் சீட்டு வாங்குவது மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டு, “நாமளே ஒண்ணு எழுதுவோம்டா, யாருக்கும் பூட்டுப் போடாம” என்றாராம். இதைத் தாங்களே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் நானும் பெருமைப்பட அதிகம் வாய்க்கவில்லை.

முதல் வருஷம் அந்த மென்பொருளுக்குச் சுவர் மட்டும்தான் போடத் தெரியும். கதவு கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை தான் வரைந்த வீட்டை எனக்குக் காட்டினார். நாலு பக்கமும் சுவர், உள்ளே போக வழியில்லை. இது வீடா சமாதியா என்று வாய்வரை வந்ததை, சம்பந்தம் கெட்டுவிடும் என்று காபியோடு விழுங்கினேன். பிறகு கதவு வந்தது, ஜன்னல் வந்தது. செய்முறை முழுவதையும் ஒளிக்காமல் ஊர் உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். திறந்த வீட்டில் நாய் நுழையும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். நுழைந்ததென்னவோ மனுஷர்கள். எங்கேயோ பனி கொட்டுகிற தேசத்திலிருந்து ஒருவர் கூரைமேல் பனியின் கனத்தைக் கணக்கிட எழுதிக் கொடுத்தார். பூமி ஆடுகிற தேசத்திலிருந்து ஒரு பெண் ஆட்டத்தை எழுதிக் கொடுத்தாள். இன்னொருவர் மாடிப்படி அனுப்பினார். படியில் ஏறிப்போனால் மாடிக்கு ஒரு அடி கீழே நின்றுவிடும், மீதியை எம்பிக் குதிக்க வேண்டும். அதை வேறொருவர் திருத்தினார். யாருக்கும் யாரையும் தெரியாது, யாருக்கும் சம்பளம் கிடையாது. அதன் முகப்பில் ஒரு வாசகம் உண்டு: இந்த மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. முதல் முறை படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் கம்பெனி வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு சுத்தமாகக் கைகழுவியதில்லை.

அப்புறம்தான் பிரிவினை. கோடாக இருந்த சுவரைப் பொருளாக மாற்ற வேண்டும், தான் செங்கல் என்றும் இத்தனை கனம் என்றும் சுவருக்கே தெரிந்திருக்க வேண்டும், ஒரு சுவரை நகர்த்தினால் கூரையும் அஸ்திவாரமும் தாமாகக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் பெரியவர். சின்னவர் ஒப்பவில்லை. நான் அன்று தங்கள் வீட்டில்தான் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தேன், தட்டில் கை வைத்தபடி.

“படம் தப்பாப் போனா அழிச்சிட்டு வேற போடலாம்ண்ணே. கணக்கு தப்பாப் போனா ஆளு மேல விழும். நாம படத்தோட நிறுத்திக்குவோம்.”

“கனம் தெரியாத சுவரு சுவரே இல்லடா. கோடு.”

“கோடாவே இருந்துட்டுப் போகட்டும். கோடு விழுந்து யாரும் செத்ததில்ல.”

அன்றோடு சரி. சின்னவர் மென்பொருளை அப்படியே நகலெடுத்து, கணக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தனியாக நடத்தினார். அவர்கள் பாஷையில் அதற்குக் கிளை பிரிப்பது என்று பெயராம், அனுமதி உண்டாம், தப்பில்லையாம். நம் பாஷையில் கிளை என்றால் உறவு என்று ஒரு அர்த்தம் இருந்தது, அதுவும் அன்றோடு சரி. மாப்பிள்ளை பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், எங்கள் முன்னறை ஆபீஸ் ஆயிற்று. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சு என்பது அவரவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்து, உலகமே படிக்கிற பொதுப் பலகையில் திட்டி எழுதுவதுதான். காலையில் தம்பி திட்டுவார். மத்தியானத்துக்குள் அண்ணன் இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். திட்டு வராத நாளில் மாப்பிள்ளைக்குச் சரியாகப் பசி எடுப்பதில்லை என்பாள் என் வீட்டம்மாள்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். புயலில் பள்ளிக்கூடங்கள் போய்விட்ட ஒரு ஜில்லாவில் நிவாரணக் குழு ஒன்று வகுப்பறைகள் கட்டிக் கொடுக்க இருந்தது. மர வேலை, மேலே ஓட்டுக் கூரை. வரைபடத்துக்கும் கணக்குக்கும் மாப்பிள்ளையின் மென்பொருளைத்தான் எடுத்திருந்தார்கள், காசில்லாமல் கிடைப்பது அதுதானே. அவர்களுக்காகவே ஓட்டுக் கூரைக் கணக்கைப் புதிதாக எழுதிச் சேர்த்து, வெளியிடத் தயாராக வைத்திருந்தார். அன்று காலை முன்னறையில் உட்கார்ந்து அதைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று “ஐயையோ” என்று கத்தினார். எனக்கு அது புதிதல்ல, தினம் கத்துவார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அடுத்து நாற்காலி சாய்ந்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, இடது கையால் மேசையைக் காட்டுகிறார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். பார்த்து, “ஓடு” என்றார்.

சம்பந்தி, மாப்பிள்ளை இத்தனை வருஷத்தில் என்னிடம் மரியாதை குறைத்து ஒரு சொல் சொன்னதில்லை. வாங்க மாமா, உக்காருங்க மாமா தவிர வேறு கேட்டறியேன். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அடுத்து உள்ளே போன என் வீட்டம்மாளையும் “ஓடு” என்றார். அவளும் வந்து என் பக்கத்தில் நின்றாள். நர்ஸம்மா ஊசி போடப் போனார், “ஓடு”. பெரிய டாக்டர் தம் பரிவாரத்தோடு வந்தார், அவரையும் “ஓடு, ஓடு”. பக்கவாதத்தில் சிலருக்கு மூளையில் ஒரே ஒரு சொல் மிஞ்சி நிற்குமாம், எதைச் சொல்ல வந்தாலும் அதுவே வருமாம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் விளக்கினார். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் தினமும் வந்து படம் காட்டுவார். டம்ளர் படத்தைக் காட்டினால் ஓடு. பூனையைக் காட்டினால் ஓடு. பூனைக்காவது அது பொருந்தியது. எழுதுங்கள் என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தால் எழுத்து வரவில்லை, சாய்ந்த கோடுகளாகப் போட்டார், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறின மாதிரி. டாக்டர் கைக்கு நல்ல பயிற்சி என்றார். என் வீட்டம்மாள் சீப்பு கேட்கிறார் போல என்று தலை வாரிவிட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வலி என்று மாத்திரை கொடுத்தார்கள்.

அந்த வாரத்திலேயே உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். புது வெளியீடு தயாராக இருக்கிறதே, திறந்துவிடலாமா, வகுப்பறைக்காரர்கள் காத்திருக்கிறார்களே, ஏன் பதில் இல்லை. உடம்பு சரியில்லை, ஓய்வில் இருக்கிறார் என்று மட்டும் என் மகள் சொல்லியிருந்தாள். ஒருநாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடமே கேட்டாள்.

“புதுசை வெளியிடச் சொல்லவா? இல்ல நிறுத்தி வெக்கச் சொல்லவா?”

“ஓடு” என்றார். அவள் கையைப் பிடித்து உலுக்கினார். “ஓடு! ஓடு!”

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். “ஓடட்டும்னு சொல்றாருப்பா. ப்ரோகிராம் ஓடுது, ஓடலன்னுதானே எப்பவும் பேசுவாரு. அவருக்கு எல்லாம் புரியுதுப்பா!” எனக்கும் சந்தோஷம்தான். அவள் கைபேசியை எடுத்து வெளியிடுங்கள் என்று எழுதி அனுப்பினாள். மாப்பிள்ளை தலையணையில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டார்.

அப்புறம் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. நிவாரணக் குழுவின் பொறுப்பாளர் அம்மாள் என் மகளின் எண்ணுக்குக் கூப்பிட்ட அன்று, மகள் மருந்து வாங்கப் போயிருந்ததால் நான்தான் எடுத்தேன். முதல் வகுப்பறை கட்டி முடியும் கட்டத்தில், ஓடு வேய்ந்துகொண்டிருக்கும்போது, மழையில் ஓடெல்லாம் ஊறியிருக்க, மொத்தக் கூரையும் மடிந்து உள்ளே விழுந்துவிட்டது. பிள்ளைகள் யாரும் இல்லை. ஓடு வேய்கிறவர் மேலே இருந்தார். இடுப்பெலும்பும் ஒரு காலும் நொறுங்கிவிட்டன. பிழைத்துவிட்டார், ஆனால் இனிமேல் ஏணி ஏற மாட்டார்.

“உங்க ப்ரோகிராம் சொன்ன அளவுக்குத்தாங்க கைமரம் அறுத்தோம்” என்றார் அந்த அம்மாள். கைமரம் என்பது கூரையில் ஓடுகளைத் தாங்குகிற சாய்ந்த சட்டம். “இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டாரு. அவரும் உங்க ப்ரோகிராம் குடுத்த தாளைப் பார்த்துத்தான் போட்டாரு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தொழில் புத்தி, சம்பந்தி. “அம்மா, அதன் முகப்பிலேயே எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று ஒரு வாசகம்...” என்று ஆரம்பித்தேன்.

“அதை அவருகிட்டப் போய்ப் படிச்சுக் காட்டுங்க. மாவுக்கட்டோட படுத்திருக்காரு, நேரம் நிறைய இருக்கு” என்று வைத்துவிட்டார்.

அந்த வாசகத்தின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

இரண்டு நாள் கழித்துத் தங்கள் இளைய மகன் பொதுப் பலகையில் எழுதினார். கூரை விழுந்த செய்தி பரவியிருந்தது. அண்ணன் எழுதிய ஓட்டுக் கணக்கை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன் என்று தொடங்கி, ஓடு போடுகிறபோது ஒரு ஓட்டின் மேல் இன்னொரு ஓடு பாதி ஏறித்தான் உட்காரும், அந்த ஏறின பாதியின் கனத்தை இந்த மேதாவி கணக்கிலேயே சேர்க்கவில்லை, கூரையில் ஓடுகளைக் கண்ணாடித் தாள் மாதிரி ஒரே பரப்பாக விரித்திருக்கிறார், கனம் பாதிக்குப் பாதி குறைச்சல், இந்த மென்பொருளை யாரும் தொடாதீர்கள் என்று முடித்திருந்தார். கடைசி வரி: ஊரெல்லாம் கேட்கிறது, அண்ணன் ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தம்பியின் லட்சணத்தை அண்ணன் தெரிந்துகொள்ளட்டும் என்று, மகள் தடுத்தும் கேளாமல், கட்டிலருகே நின்று முழுவதையும் உரக்கப் படித்தேன். ஓட்டின் மேல் ஓடு என்ற இடம் வந்ததும் மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்தார். இழுத்து இழுத்து, “ஓடு... ஓடு... ஓடு” என்று அழுகிறார், சிரிக்கிறார், தலையை ஆட்டுகிறார், இடது கையை வலது கையின் மேல் பாதி ஏற்றி வைத்துக் காட்டுகிறார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் காலையில் மேசையில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்தது இதைத்தான். ஐயையோ என்று கத்தியது இதற்குத்தான். வந்த நாளிலிருந்து அவர் யாரையும் விரட்டவில்லை. கூரைமேல் போடுகிற ஓட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போட்ட சாய்ந்த கோடுகள் கூரைதான். நாங்கள் தலை வாரிவிட்டோம்.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நிறுத்துன்னு சொன்னாருப்பா. நான் அனுப்பிட்டேன்” என்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இல்லை. அந்த மனுஷர் காலை நான்தான் ஒடித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். உன்மேல் என்னம்மா தப்பு என்று எத்தனை விதமாகத்தான் சொல்வது? ஆயிரம் விபத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தவன், இதற்கு எழுதத் தெரியாமல் முழிக்கிறேன்.

இந்தச் சமயத்தில் ஒரு பெரிய கம்பெனி ஆறுதல் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. மென்பொருளைத் தாங்களே தத்தெடுத்துக்கொள்வதாகவும், செய்முறையை இனி மூடிப் பாதுகாப்பதாகவும், குறைகளைத் தங்கள் ஆட்களே கவனிப்பார்கள் என்றும் மிகவும் இதமாக எழுதியிருந்தார்கள். இனிமேல் படமே வரைய வேண்டாம், என்ன வீடு வேண்டும் என்று வாயால் சொன்னால் கணினியே வரைந்து கணக்கும் போட்டுத் தரும், அதுதான் எதிர்காலம் என்றும் இருந்தது. தலை முழுகினால் சரி, கொடுத்துத் தொலைத்துவிடு என்றேன் நான். மகள் நிமிர்ந்தாள்.

“மூடியிருந்தா கொழுந்தனாரு படிச்சிருக்க முடியுமாப்பா? எதனால விழுந்துச்சுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அடுத்த கூரையும் அதே மாதிரி போட்டிருப்பாங்க.”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது வாய் வராதவர்கள் இரண்டு பேர்.

ஆக இப்போதைய நிலவரம் இது. வகுப்பறை வேலை எல்லாம் நின்று கிடக்கிறது. மழைக்காலம் முழுசாகப் பிடிப்பதற்குள் திருத்திய கணக்கு வேண்டும் என்கிறார் அந்தப் பொறுப்பாளர் அம்மாள். ஓட்டின் கனத்தை மட்டும் மாற்றினால் தீராதாம். ஓடு மாறினால் கைமரம் மாறும், கைமரம் மாறினால் சுவர், சுவர் மாறினால் அஸ்திவாரம், ஒன்றைத் தொட்டால் ஒன்பது ஆடும். பனி தேசத்துக்காரர் நல்ல மனசோடு முயற்சி செய்தார், சுவருக்குக் கனம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. கட்டடம் மேலே பறக்காமல் இருக்க ஆணி அடிக்க வேண்டும் என்று அவர் திருத்திய மென்பொருள் சொல்கிறதாம். அந்தக் கணக்கின் அடி வேர் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒருவர் கட்டிலில் இருக்கிறார், இன்னொருவர் தங்கள் வீட்டில் இருக்கிறார். நோவை மறைத்து, பொதுவில் கேட்கிற மாதிரி, திருத்தித் தர முடியுமா என்று மகள் சின்னவருக்கு எழுதினாள். “அது என் வீடு இல்ல அண்ணி. உங்க வீட்டுக்காரரையே திருத்தச் சொல்லுங்க” என்று ஒரு வரி பதில் வந்தது. விஷயம் தெரியாமல் எழுதியதுதான், ஆனாலும் மகள் அதைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தபோது, சம்பந்தி, எனக்குத் தங்களைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, சின்னவரை உடனே இங்கே அனுப்பி வைக்கவும், வர மாட்டேன் என்றால் காதைப் பிடித்துத் திருகியாவது. இரண்டு, அண்ணன் தம்பி இருவரையும் பழையபடி சேர்த்து வைத்து, இரண்டு மென்பொருளையும் ஒன்றாக்கி, இந்தத் தினசரித் திட்டுக்கு ஒரு முடிவு கட்டவும். மூன்று, அதற்கும் அவர்கள் மசியவில்லை என்றால், இந்தப் பீடையையே இழுத்து மூடிவிடுமாறு பெற்றவர் என்ற முறையில் உத்தரவு போடவும். தங்கள் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுவார்கள் என்று நம்புகிறேன். இதுவரை கட்டுப்பட்டதாகச் சரித்திரம் இல்லை என்பதையும் அறிவேன்.

தங்கள் நெஞ்சை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளவும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னஞ்சிறுசுகளுக்கு ஆசி, சின்னவருக்கு இரண்டில் எது என்பதைத் தாங்களே தீர்மானித்துக் கொடுக்கவும். நம் இரு வீட்டுக் கூரையும் நம் தலைக்கு மேலேயே நிலைத்து நிற்கட்டும்.

இப்படிக்கு, என்றும் தங்கள் நலம் நாடும்,
மருமகளின் தகப்பன்.

பின்குறிப்பு: மேலே கேட்டதெல்லாம் ரத்து.

கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தால், கட்டிலருகே தோளில் பையோடு தங்கள் இளைய மகன் நிற்கிறார். யாரும் சொல்லவில்லையாம். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “இத்தனை வாரமா ஏதோ சாதாரண ஜுரம்னு நெனச்சேன் மாமா. கூரை விழுந்த பிறகு அவ்வளவு கேவலமாத் திட்டி எழுதியிருந்தேன். அண்ணி எழுதுறாங்க, அண்ணன் ஒரு வரி எழுதல. திட்டுக்கு அவன் பதில் திட்டு திட்டலன்னா, அவனுக்கு என்னமோ ஆயிடுச்சின்னுதானே அர்த்தம்?” என்றார். எங்கள் வீடு பூட்டியிருக்கவே பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்தாராம். தங்களிடம் வேலை விஷயமாகப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாராம், அடிக்க வேண்டாம். அண்ணனின் கோணிய வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினியைக் கட்டில்மேல் விரித்தார். இரண்டு நாளாக அண்ணனுக்கு ஊட்டுவதும் அவரே, திருத்துவதும் அவரே. தம்பி எழுதுகிற வரியை அண்ணன் இடது கையால் அழிக்கிறார், தம்பி மறுபடி எழுதுகிறார், அண்ணன் மறுபடி அழிக்கிறார். நேற்று ஒருவழியாகத் திருத்திய கணக்கு போய்ச் சேர்ந்தது. மற்ற வகுப்பறைகளில் ஏற்றிய கைமரம் அத்தனையையும் இறக்க வேண்டும், கனமான மரத்துக்கு அந்தக் குழு எங்கே போகும் என்று தெரியவில்லை.

இனியாவது ஒன்றாகச் சேர்ந்து செய்யுங்களேன் என்றேன். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் மறுத்து ஆடின. “சேர்ந்துட்டா, அவன் எழுதுறதைப் பகையோட படிக்க யாரு மாமா இருக்கா? அன்பாப் படிச்சவங்க அத்தனை பேரும் தப்பைத் தாண்டித்தானே போனாங்க?” என்கிறார் சின்னவர். ஆகவே சேர்த்து வைக்க வேண்டாம், இழுத்து மூடவும் வேண்டாம், இருவரும் விரோதிகளாகவே தொடர்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

இன்று காலை மகளும் சின்னவரும் அந்த ஓடு வேய்கிறவரைப் பார்க்க அவர் படுத்திருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர் பார்க்க மறுத்துவிட்டார். அவர் மனைவிதான் வார்டு வாசலுக்கு வந்திருக்கிறார். எல்லாம் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்று என் மகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். “எங்க ஊர்ல அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும்மா இருக்காங்க?” என்று அந்த அம்மாள் கேட்டாராம். இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். நாளைக்கு மறுபடியும் போகிறார்கள். நானும் போகிறேன்.

அங்கிருந்து திரும்பியதிலிருந்து அந்தக் கேள்விக்காகத்தான் அண்ணன் தம்பிக்குள் வார்டில் சண்டை நடக்கிறது. எந்த மரத்தின் மேல் எவ்வளவு கனம் ஏறப்போகிறது என்பதை, அதைத் தூக்கி வைக்கிறவருக்கே புரிகிற மாதிரி எப்படி எழுதிக் கொடுப்பது என்று. சத்தம் வராண்டா கடந்து இந்தக் கேன்டீன் வரை வருகிறது. கேட்பதென்னவோ தம்பியின் குரல் ஒன்றுதான். ஆனாலும் தோற்றுக்கொண்டிருப்பது அவர்தான் என்கிறார் நர்ஸம்மா.